டெஸ்டிங் பாட்டு

"உங்கட பாட்டுகள இதுவரைக்கும் எத்தனை பேர் கேட்டிருப்பாங்க?"

போன் திரையிலிருந்து மதுரா இப்படிக் கேட்டபோது நான் லொறியின் சாரதி ஆசனத்தில் இருந்தேன். பாதி தின்ற வடையைக் கண்ணில் படாமல் ஓரமாக வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். நுரைச்சோலையில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் ஒழுங்காக வராது. கற்பிட்டி ரோட்டில் களப்புத் தண்ணி தெரிகிற ஒரு வளைவில் லொறியை நிறுத்தினால்தான் படம் நிற்காமல் கதைக்கலாம்.

"ஒருத்தரும் கேக்கல்ல மிஸ்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"நான் மிஸ் இல்ல, மதுரா. ஒருத்தருமே இல்லையா? வீட்டில?"

"பொண்சாதி கேட்டா. நல்லா இருக்கு எண்டா. மறுகா அரிசி முடிஞ்சிட்டு எண்டா."

அவர் சிரிக்கவில்லை. எதையோ குறித்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. ஊரில் என் பகிடிக்குச் சிரிக்காத ஆள் குறைவு.

போன வாரம் இந்தப் பத்தியில் என் ஆல்பத்தை முடித்த கதையோடு நிறுத்தியிருந்தேன். "முடித்தீர்கள், சரி. பிறகு பெரிய ஆளாகிவிட்டீர்களா?" என்று பாலாவியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேள்வியில் இருக்கிற குத்தல் எனக்கு விளங்காமல் இல்லை. பொறுங்கள், சொல்கிறேன்.

தாடி நரைத்த மாணவன்

எங்கள் ஊரில் தொழில் வழிகாட்டல் என்றால் ஓ.எல். பரீட்சை எழுதிய பிள்ளைகளை மண்டபத்தில் இருத்தி, நேர்ஸ் ஆகலாம், கணக்காளர் ஆகலாம் என்று சொல்வது. அந்த மாதிரிக் கூட்டங்களுக்கு நான் நிறையத் தடவை போயிருக்கிறேன். மைக் பூட்டத்தான். ஒருநாளும் பாடகராகலாம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆகவே முப்பதைத் தாண்டி, தாடியில் நரை விழுந்த பிறகு, நானே ஒருவரைத் தேடிப் பிடித்து வழிகாட்டச் சொன்னது வீட்டில் பெரிய பகிடியாகிவிட்டது. மதுரா கொழும்பில் இருக்கிறார், பிறந்தது திருகோணமலை. கம்பெனி, தயாரிப்பாளர் என்று பின்னால் ஒருவரும் இல்லாமல் தன்பாட்டில் பாட்டுப் போடுகிறவர்களுக்கு அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுப்பதுதான் அவர் வேலை. வயதில் என்னைவிட இளையவர். கதையில் என்னைவிட மூத்தவர்.

ஆல்பம் முடிந்ததும் ஆள் அப்படியே வெறித்துப்போவான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் அந்தப் பாட்டுகளோடு எழும்பி, அந்தப் பாட்டுகளோடு படுத்தேன். பொண்சாதி சிபானாவின் உடுப்பு அலுமாரிக்குள் தலையைவிட்டுப் பாடி ஒலிப்பதிவு செய்தேன். சாரிகளுக்கு நடுவே எதிரொலி வராது. ளுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் இடையில் கிடைக்கிற அமைதிதான் எங்கள் ஸ்டூடியோ நேரம். அதற்குள் மீன்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தால் அன்றைக்கு வேலை சரி.

பிறகு ஒருநாள் எல்லாம் முடிந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்துகொண்டு, இனி என்ன என்று யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. பயமாகக்கூட இருந்தது.

சவுண்ட் காரன்

சோறு போடுகிற தொழில் எனக்கு வேறு. கூலிக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவன் நான். ஒரு லொறி, இரண்டு அடுக்கு ஸ்பீக்கர், மிக்ஸர், மைக், ஒரு பழைய ஜெனரேட்டர். கூட வேலை செய்வது சிபானாவின் தம்பி றிஸ்வான். தில்லையடியில் கல்யாணம், கற்பிட்டியில் மாதா கோயில் பெருநாள், முன்னேஸ்வரப் பக்கம் திருவிழா, பள்ளிக்கூடங்களில் விளையாட்டுப் போட்டி என்று இந்தக் கரை முழுக்க நாங்கள் வயர் இழுக்காத இடம் இல்லை.

ஸ்பீக்கர் கட்டியதும் ஏதாவது ஒரு பாட்டைப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். இங்கேதான் தலையிடி. சினிமாப் பாட்டைப் போட்டால் சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். பக்திப் பாட்டு என்றால் யாருடைய பக்தி என்று பார்க்க வேண்டும். ஒருமுறை கோயில் பெருநாளில் றிஸ்வான் கைதவறி ஒரு நாகூர் தர்காப் பாட்டைப் போட்டுவிட்டான். ஃபாதர் நல்ல மனிதர், தாளம் போட்டுக்கொண்டு கேட்டார். என்றாலும் எனக்கு வியர்த்துவிட்டது.

அன்றிலிருந்து சரிபார்க்க என்னுடைய பாட்டொன்றையே போட்டேன். அரைகுறையாக இருந்த காலத்திலிருந்தே போட்டேன். யாருடைய மனமும் நோகாத பாட்டு. அதோடு வெளியில், காற்றில், அடித்தாளம் எப்படி நிற்கிறது என்று எனக்கும் தெரிந்துவிடும். கேட்டுவிட்டு வந்து அடுத்த நாள் திருத்துவேன். பயான் என்கிற மார்க்கப் பேச்சு மேடை என்றால் மட்டும் பாட்டு இல்லை, மைக்கை ஊதிப் பார்ப்பதோடு சரி.

அந்தப் பாட்டின் நடுவே குரல் நின்று தாளம் மட்டும் போகிற ஒரு இடம் உண்டு. அந்த இடம் வந்ததும் நான் மைக்கை எடுத்து, மைதானத்தின் அடுத்த கோடியில் நிற்கிற மச்சானைக் கூப்பிடுவேன்.

"றிஸ்வான், அங்கால கேக்குதா?"

"கேக்குது, கேக்குது," என்று அவன் அங்கிருந்து கத்துவான்.

அவ்வளவுதான். நான் ஒலியைக் குறைத்துவிடுவேன், விழா தொடங்கும். கதிரை அடுக்குகிற சத்தத்துக்கும், தேத்தண்ணி எங்கே என்கிற சத்தத்துக்கும் நடுவே யார் பாட்டுக் கேட்கிறார்கள்? டெஸ்டிங்கை ஒருவன் கேட்டான் என்று கணக்கு வைக்கிற சவுண்ட்காரன் இந்த உலகத்தில் இல்லை. மதுராவிடம் "ஒருத்தரும் கேக்கல்ல" என்று சொன்னதும் அதனால்தான். நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் தெரியும்.

வாப்பா இறங்கிய கரை

பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னதும் எங்கள் ஆட்கள் மன்னாரை விட்டு வந்தபோது வாப்பா தோணியில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார். அப்போது நான் பிறந்திருக்கவில்லை. அவர் அந்தக் கதையை அழுது சொல்கிறவர் அல்லர். காலெல்லாம் சேறு, ஒரு வீட்டு வாசலில் நின்றேன், அந்த வீட்டுப் பொம்பிளை ஒன்றும் கேட்காமல் வாளியில் தண்ணி கொண்டுவந்து வைத்தா, அவ்வளவுதான் என்பார். பெயர் கேட்டீர்களா என்றால், காலைக் கழுவுகிற அவசரத்தில் மறந்துவிட்டேன் என்பார்.

அந்த வாளியை வைத்துத்தான் எழுதினேன். கச்சான் என்றால் இங்கே தென்மேற்குக் காற்று.

*கச்சான் அடிக்கட்டும், கதவத் திறந்து வை*
*கரைக்கு வந்தவங்க கால் கழுவட்டும்*

வாப்பாவுக்குப் போட்டுக் காட்டியபோது, "வாளி எங்கடா?" என்று மட்டும் கேட்டார். வாளி என்ற சொல் மெட்டில் உட்காரவில்லை என்று விளங்கப்படுத்தினேன். அவருக்கு அது பெரிய குறையாகத்தான் பட்டது.

ஒன்றைப் பிடியுங்கள்

மதுரா சொன்னவற்றில் பாதி எனக்கு உடனே பிடித்தது. எல்லாப் பாட்டையும் ஒரே நாளில் கொட்டாமல் ஒவ்வொன்றாக விடச் சொன்னார். களப்பில் பொழுது சாய்கிற நேரம், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம் வேண்டாம் என்றார். அந்தப் படத்தை நான் ஏற்கனவே எடுத்து வைத்திருந்தேன்.

"உங்கட பாட்டு நல்லா இருக்கு பாஹிம்," என்றார். "முகஸ்துதிக்குச் சொல்லேல்ல. ஆனா ஆல்பம் விட்ட பிறகு ஒரு வருசமாவது அதுக்குப் பின்னால ஓடவேணும். நீங்க கலியாண சீசன் எண்டு மாசக்கணக்கில காணாமப் போறீங்க. ரெண்டில எது முதல் எண்டு யோசியுங்க."

"யோசிச்சிட்டேன்," என்றேன்.

"இப்பவேவா?"

ஓம், அப்போதேதான். எனக்கு எப்போதும் முடிவுதான் முதலில் வரும், யோசனை பின்னால் ஆறுதலாக வரும். வீட்டுக்குப் போய் ஸ்பீக்கர் செட்டை விற்கப் போகிறேன் என்றேன். சிபானா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கொழும்புப் புள்ள விக்கச் சொன்னாவா?"

"இல்ல. ஒண்டத் தெரிவு செய்யச் சொன்னா."

"யோசிக்கச் சொல்லியிருப்பா. விக்கிறது நீங்க." அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். "சரி, என்ட தம்பி என்ன செய்யிற?"

றிஸ்வானிடம் நானே சொன்னேன். அவன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி மச்சான்," என்றான். "கட்டாருக்கு ஆள் எடுக்கிறாங்களாம். கேட்டுப் பாக்கிறேன்."

சுற்றி முடித்த வயரை அவிழ்த்து மறுபடியும் சுற்றத் தொடங்கினான். என்றாலும் நான் பின்வாங்கவில்லை. ஒரு பாட்டுக்காரனாக இந்த ஊரில் நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால் ஸ்பீக்கரைத் தலைமுழுகத்தான் வேண்டும் என்று நான் முழுசாக நம்பினேன். என்னை எங்கே கண்டாலும் "சவுண்ட்காரன் வாறான்" என்றுதானே சொல்கிறார்கள்.

கமல் ஐயா வந்தார்

சிலாபத்திலிருந்து கமல் ஐயா என்று ஒருவர் வாங்க வந்தார். சிங்களவர். எங்களோடு தமிழில் கதைப்பார், கணக்குப் போடும்போதும், என்னை மல்லி, அதாவது தம்பி, என்று கூப்பிடும்போதும் மட்டும் சிங்களத்துக்குப் போய்விடுவார். செட்டை வெளியில், பெரிய மைதானத்தில், முழுச் சத்தத்தில் கேட்க வேண்டும் என்றார். நியாயமான ஆசை. அந்தக் கிழமை எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் நிறம் நிறமாக இல்லம் பிரித்து நடத்துகிற விளையாட்டுப் போட்டி இருந்தது. அங்கே வரச் சொன்னேன். அதுதான் எங்கள் கடைசி வேலை என்று பேச்சு.

விளையாட்டுப் போட்டிக் காலை எப்படியிருக்கும் என்று இந்தக் கரை ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு கூடாரம். பிள்ளைகளும் தாய்மாரும் தென்னோலையும் கலர்க் கடதாசியும் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சுண்ணாம்புக் கோடு இன்னும் காயவில்லை. பி.டி. சேர் விசிலை வாயிலிருந்து எடுப்பதே இல்லை. ஒரு பக்கம் அவித்த கடலை வாசம், மறுபக்கம் புதுப் பெயின்ட் வாசம்.

நாங்கள் ஸ்பீக்கரைக் கட்டினோம். றிஸ்வான் வழமைபோல மைதானத்தின் அடுத்த கோடிக்கு நடந்து போய் நின்றான். நான் பாட்டைப் போட்டேன்.

கமல் ஐயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரத்தில் தலை ஆடத் தொடங்கியது.

"மல்லி, இது அந்த டெஸ்டிங் பாட்டுத் தானே?"

"எந்த டெஸ்டிங் பாட்டு?"

"நம்ம முன்னேஸ்வரம் திருவிழாவில போட்டது. எங்கட வீட்டில மகளும் இதத்தான் பாடிட்டு இருக்கும். யாரு படிச்சது?"

"நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. பிறகு மிக்ஸரைத் தொட்டுக் காட்டி, வியாபாரத்துக்கு வந்தார்.

"சரி, செட்டோட அந்தப் பாட்டும் சேத்துத் தானே தாறீங்க? அது இல்லாம ஆக்களுக்கு இது உங்கட செட்டுன்னு தெரியாதே."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது.

கரண்ட் இல்லாத இடம்

பிறகு விசாரித்ததில் தெரிந்தது, கடலை விற்ற மேசையில் யாரோ எங்கள் வயரிலேயே தண்ணி கொதிக்கிற கேத்தலைச் சொருகியிருக்கிறார்கள். அது பிறகு. அந்த நேரத்தில் பாட்டு "கதவத் திறந்து வை" என்ற இடத்தில் அறுந்தது. ஜெனரேட்டரை இழுக்க ஓடினேன்.

இரண்டு எட்டுப் போயிருக்க மாட்டேன். பச்சை இல்லத்துக் கூடாரத்திலிருந்து ஒரு குரல் விட்ட இடத்தைப் பிடித்தது. கடதாசிப் பூ ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தாய். ஒட்டுகிற கையை நிறுத்தாமலே, "கரைக்கு வந்தவங்க" என்று பாடினார். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் "கால் கழுவட்டும்" என்று சேர்ந்தார்கள். பிறகு மஞ்சள் இல்லம். பிறகு சிவப்பு. வேலையை யாரும் விடவில்லை, பாட்டையும் விடவில்லை. நான் எழுதிய அடிகளை, நான் அலுமாரிக்குள் தலையைவிட்டுப் பாடிய அடிகளை, சுருதி சேர்ந்தும் சேராமலும் ஒரு மைதானமே பாடியது. நான் ஜெனரேட்டர் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

குரல் நின்று தாளம் மட்டும் போகிற இடம் வந்தது. தாளம் போட ஸ்பீக்கர் இல்லை. இனி நின்றுவிடும் என்று நினைத்தேன்.

நிற்கவில்லை. மைதானத்தின் இந்தப் பக்கம் நின்றவர்கள் எல்லோரும், தாய்மார், பிள்ளைகள், விசிலை எடுத்துவிட்டு பி.டி. சேர்கூட, ஒரே மூச்சில் கேட்டார்கள்.

"றிஸ்வான், அங்கால கேக்குதா?"

அடுத்த கோடியில் நின்றவர்கள் அனைவரும் திருப்பிக் கொடுத்தார்கள்.

"கேக்குது, கேக்குது."

அவர்களுக்கு நடுவே றிஸ்வான் நின்றான். அவன் பெயரை ஒரு ஊரே பாட்டாகப் பாடுவதைக் கேட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தலையில் வைத்தபடி நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒளித்து அழவில்லை. கமல் ஐயா தன் கைலேஞ்சியை எடுத்து நீட்டினார், வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

"செட் விக்கிறதில்ல ஐயா," என்றேன்.

"எனக்கு அப்பவே தெரியும் மல்லி," என்றார். லேஞ்சியைத் திருப்பி வாங்க மறக்கவில்லை.

மதுரா சிரித்தார்

அடுத்த நாள் அதே வளைவில் லொறியை நிறுத்திவிட்டு மதுராவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார். அவ்வளவு நேரம் சிரிக்கிற மனிதர் என்று எனக்குத் தெரியாது.

"முதல் நாளே கேட்டன், எத்தனை பேர் கேட்டிருப்பாங்க எண்டு. ஒருத்தரும் இல்ல எண்டீங்க."

"டெஸ்டிங் கணக்கில சேராதுதானே."

"உங்களுக்குச் சேராது. அவங்களுக்கு அதுதான் பாட்டு." பிறகு குரல் வேலைக்குத் திரும்பியது. "நான் ஒண்டைப் பிடியுங்க எண்ட மாதிரிச் சொன்னன். அது உங்களுக்குப் பிழையான புத்தி. அந்த லொறி போற இடமெல்லாம் போங்க. ஒவ்வொரு இடத்திலயும் பாட்டு முடிய உங்கட பேரைச் சொல்லுங்க. வெக்கப்படாம. படமும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில நிண்டு எடுங்க."

"ஆல்பம்?"

"முடிஞ்சது எண்டு சொன்னீங்களே, அது இன்னும் முடியல்ல. தாளம் மட்டும் போற அந்த இடம் வெறுமையா இருக்கு."

அவர் சொன்னது விளங்கியது. ஆனால் றிஸ்வானை உடுப்பு அலுமாரிக்குள் விட்டுக் கத்தச் சொல்ல முடியாது. ஒரு விடுமுறை நாளில் அதே மைதானத்துக்குப் போனோம். ஸ்பீக்கரைக் கட்டி, பாட்டைப் போட்டு, நல்ல மைக்கொன்றை அவன் முன்னால் நிறுத்தினேன். கட்டாருக்குப் போக இருந்தவன் இப்போது தலைவாரி, அத்தர் பூசி, புதுச் சேட்டுப் போட்டு வந்திருந்தான். நான் இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"கேட்கிறது, கேட்கிறது," என்றான், செய்தி வாசிக்கிறவர் மாதிரி.

திரும்பத் திரும்ப எடுத்தோம். எடுக்க எடுக்க இன்னும் மோசமானது. நடிகரை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது என்று கத்தினேன். அவன் நடந்து வந்து என் கையிலிருந்த மைக்கைப் பறித்தான்.

"நீங்க ஒருக்காப் போய் நிண்டு பாருங்க மச்சான். அங்கால நிக்கிறது லேசில்ல."

போனேன். இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் அந்தக் கோடியில் நின்றதில்லை. என் இடம் எப்போதும் மிக்ஸருக்குப் பின்னால். சுண்ணாம்புக் கோடுகளைத் தாண்டி, தென்னைகள் தொடங்குகிற இடத்தில், றிஸ்வானுக்கு வைத்த மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். காற்று களப்புப் பக்கமிருந்து வந்தது. என் பாட்டு அவ்வளவு தூரம் நடந்து வந்து என்னிடம் சேர்ந்தது. கதவு, கரை, கால், எல்லாச் சொல்லும் தெளிவாக இருந்தது.

தாளம் மட்டும் போகிற இடம் வந்ததும் றிஸ்வான் மைக்கை எடுத்தான்.

"மச்சான், அங்கால கேக்குதா?"

"கேக்குது," என்றேன். இரண்டாம் தரம் சொல்வதற்குப் பதிலாகக் கையை உயர்த்தி ஆட்டினேன்.

ஆல்பத்தில் இருப்பது அந்த ஒற்றைக் "கேக்குது"தான்.